கெமிஸ்ட்ரி, பயோ பட்டத்தோடு கொழும்பில்: எந்தக் கதவு முதலில் சாத்தும்?

பயோ படித்த பிள்ளைக்கு வீட்டில் ஒரே ஒரு தொழிலைத்தான் பேசி வைத்திருப்பார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி கொஞ்சம் குறைந்து மருத்துவ பீடம் கைநழுவி, விஞ்ஞான பீடத்துக்குப் போய், படித்து முடித்த பிறகும் கல்யாண வீட்டில் காணும் மாமி "அப்ப நீங்கள் டொக்டர் இல்லையோ?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வேண்டுமே என்ற அவசரத்திலேயே பலர் முதல் வேலையைப் பிடித்துவிடுகிறார்கள். கிடைத்தது எதுவோ, அதுவே தொழிலாகியும் விடுகிறது.

கொழும்பில் ஆய்வுகூடங்களோடு பல காலமாகப் பழகி வருகிறேன். புதுப் பட்டதாரிகளை நேர்முகத்தில் சந்திப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. வெளியே வந்து தனியாகக் கேட்பவர்கள் எல்லோரும் கேட்பது, "சேர், எதில் சம்பளம் கூட?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் முதல் வருடச் சம்பளத்தை வைத்து ஒப்பிட்டால் பிழையான விடைதான் வரும். சில வழிகள் எந்த வயதிலும் திறந்தே கிடக்கும். சில வழிகள் பட்டம் முடித்த இரண்டு மூன்று வருடத்துக்குள் ஓசைப்படாமல் சாத்திக்கொள்ளும். சாத்தப் போகும் கதவை முதலில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

முதலில், கையில் இருப்பது என்ன பட்டம்?

மூன்று வருடப் பொதுப் பட்டமா, நான்கு வருடச் சிறப்புப் பட்டமா என்பதை முதலில் பாருங்கள், பாடம் அப்புறம். உள்ளூர்த் தொழிற்சாலை ஒன்று இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்காது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எடுக்கும். நான்காம் வருடத்தில் செய்யும் ஆராய்ச்சியும், அதைக் கூட நின்று பார்த்த விரிவுரையாளர் எழுதித்தரும் பரிந்துரைக் கடிதமும் பொதுப் பட்டக்காரர் கையில் பெரும்பாலும் இருக்காது.

இரசாயனவியல் பக்கம் இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. இராஜகிரியவில் இருக்கும் இலங்கை இரசாயனவியல் நிறுவகம் 1979 முதல் நடத்திவரும் நான்கு வருட கிராஜுவேட்ஷிப். கம்பனிகள் அதைச் சிறப்புப் பட்டத்துக்குச் சமமாகவே பார்க்கின்றன. இசட் புள்ளி கைவிட்ட பலர் அந்த வழியால் வந்து இன்று நல்ல இடங்களில் இருக்கிறார்கள். காசு கட்டித்தான் படிக்க வேண்டும், உண்மை. ஆனால் பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம், பரீட்சை பின்போடுதல் என்று போகிற வருடங்களுக்கும் ஒரு விலை இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

உயிரியல் பக்கம் அவ்வளவு நேரானதல்ல. நுண்ணுயிரியல், உயிர் இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல் என்று முடித்தவருக்கு ஆய்வுகூடத்தில் நாற்காலி இருக்கிறது. தாவரவியல், விலங்கியல் மட்டும் என்றால் கொழும்புக் கம்பனிகளின் விளம்பரங்களில் உங்கள் பாடத்தின் பெயரைத் தேடத்தான் வேண்டும். "இரசாயனவியல் அல்லது அது சார்ந்த பட்டம்" என்று போட்டிருக்கும் இடத்தில் அந்த "சார்ந்த"வுக்குள் நுழைய முடியுமா என்று பார்ப்பதே முதல் வேலை. பொதுப் பட்டத்தில் இரசாயனவியலையும் ஒரு பாடமாக எடுத்திருந்தால் சுயவிவரத்தில் அதை மேலே போடுங்கள், கீழே அல்ல.

ஒரு தப்பெண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "பயோ டிகிரி இருக்கிறதே, பெரிய தனியார் மருத்துவமனை லேபில் சேரலாம்தானே" என்று பெற்றோர் கேட்பார்கள். நோயாளிகளின் இரத்தம், சிறுநீர் பரிசோதிக்கும் மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் மருந்தாளர் இரண்டுமே இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும் தொழில்கள். அதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறது, பி.எஸ்சி. அதற்கு ஈடாகாது. பீ.சீ.ஆர்., மரபணுச் சோதனை போன்ற மூலக்கூற்றுப் பகுதிகள்தான் விதிவிலக்கு. கொரோனா வந்தபோது அந்த இயந்திரத்தைக் கையாளத் தெரிந்தவர்களின் அருமை எல்லோருக்கும் விளங்கியது.

தொழிற்சாலை லேபா, சோதனைக் கம்பனியா?

பெரும்பாலானோர் போய்ச் சேர்வது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பியகம, இரத்மலானை, ஹோமாகம, ரணால என்று கொழும்பைச் சுற்றி இருக்கும் தொழிற்சாலைகளில் பெயின்ட், பிஸ்கட், குளிர்பானம், இறப்பர் கையுறை, சாயம், சிரட்டைக்கரியில் செய்யும் செயலூக்கிய காபன், மருந்து வில்லை என எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு தரக்கட்டுப்பாட்டு லேப் இருக்கிறது. பட்டதாரிக்கு அங்கே கிடைக்கும் முதல் பதவி, என்ன பெயர் போட்டாலும், வெள்ளைக் கோட்டுப் போட்ட பயிலுநர்தான்.

வேலை எப்படி இருக்கும்? மருத்துவக் கையுறைத் தொழிற்சாலை ஒன்றை எடுங்கள். ஒரு கையுறையை எடுத்து ஒரு லீட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, உடனே ஒரு தரம் பார்த்து, இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு தரம் பார்க்க வேண்டும். எங்காவது ஒரு துளி கசிந்தால் அது தோல்வி. அடுத்ததை எடுக்க வேண்டும். நாள் முழுக்க இது நடக்கும். நான்கு வருடம் குவாண்டம் இரசாயனவியல் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு மூன்றாம் வாரம் அழுகை வரும். ஆனால் எத்தனை கையுறை எடுக்க வேண்டும், எத்தனை கசிந்தால் முழுத் தொகுதியையும் நிராகரிக்க வேண்டும் என்ற மாதிரியெடுப்புக் கணக்கு யார் கையில் இருக்கிறதோ, ஏற்றுமதிக் கொள்கலன் போவதும் நிற்பதும் அவர் கையில்தான். இரண்டு வருடத்தில் அந்தப் பக்கம் நகர முடிந்தவர் தப்பினார். நகராதவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்.

உணவுத் தொழிற்சாலையில் நுண்ணுயிரியல் படித்தவரின் தலைவலி வேறு மாதிரி. சல்மொனெல்லா இருக்கிறதா என்று பார்க்க 25 கிராம் மாதிரியை எடுத்து, முதல் நாள் ஒரு திரவ ஊடகத்தில் ஊறவிட்டு, அடுத்த நாள் வேறு ஊடகத்துக்கு மாற்றி, அதற்கடுத்த நாள் தட்டில் தடவி, தட்டில் சந்தேகமான பக்டீரியாக் கூட்டம் முளைத்தால் அதை உறுதிப்படுத்த இன்னும் ஒன்றிரண்டு நாள். களஞ்சியத்தில் சரக்கு நிற்கும், லொறி நிற்கும், உற்பத்தி மனேஜர் காலை மாலை இரண்டு வேளையும் வந்து "முடிவு எப்ப?" என்று கேட்பார். பக்டீரியா அவருக்காக அவசரப்படாது. பதவி உயர்வு என்று வரும்போது, அவரிடம் பொய் சொல்லாமலும் சண்டை பிடிக்காமலும் பேசத் தெரிந்தவர்தான் முன்னுக்கு வருவதை நான் கண்டிருக்கிறேன். தட்டு எண்ணுவதில் கெட்டிக்காரர்கள் லேபிலேயே இருந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வகை, காசுக்குச் சோதித்துக் கொடுக்கும் கம்பனிகள். எஸ்.ஜி.எஸ்., இன்டர்டெக், பியூரோ வெரிட்டாஸ் போன்ற பன்னாட்டு நிறுவனங்களுக்கு இங்கே ஆய்வுகூடங்கள் உண்டு. ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் துணியில் தடைசெய்த அசோ சாயம் இருக்கிறதா, போர்மல்டிஹைட் எவ்வளவு என்றெல்லாம் பார்ப்பார்கள். தண்ணீர், உணவு, தேயிலை மாதிரிகளும் வரும். எச்.பி.எல்.சி., ஜீ.சி.எம்.எஸ். (கலவையில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவிகள்) என்று பல்கலைக்கழகத்தில் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்த கருவிகளை இங்கே கையால் பிரித்துப் பூட்டலாம். விலை என்னவென்றால் வேலை நேரம். வாடிக்கையாளருக்கு இன்றைக்கே அறிக்கை வேண்டும், நேற்றைக்கென்றால் இன்னும் நல்லது.

இரண்டில் எது? என்னைக் கேட்டால் முதல் இரண்டு வருடம் சோதனைக் கம்பனி, அதிலும் சோதனைக் கூடங்களின் திறனுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் பெற்றது. இலங்கைத் தரச்சான்றுப்படுத்தல் சபை 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த பிறகு இந்த அங்கீகாரத்தை உள்ளூரிலேயே எடுக்க முடிகிறது. அப்படியான இடத்தில் முறையொன்றைச் செல்லுபடியாக்குவது, அளவீட்டு நிச்சயமின்மையைக் கணிப்பது, கணக்காய்வாளர் கேட்கும் கேள்விக்குப் பதிவேட்டைத் திறந்து காட்டுவது எல்லாம் பழகிவிடும். டுபாய், கட்டார் ஆய்வுகூடங்கள் சுயவிவரத்தில் தேடுவது இந்த 17025 என்ற இலக்கத்தைத்தான். அப்புறம் தொழிற்சாலைக்குத் தர உறுதி அதிகாரியாகப் போங்கள். மேலே போகும் ஏணி அங்கேதான் இருக்கிறது. தலைகீழாகப் போனவர்களும் இருக்கிறார்கள், ஆனால் தொழிற்சாலையில் நாலு வருடம் ஒரே பொருளைச் சோதித்தவரைச் சோதனைக் கம்பனி எடுக்க யோசிக்கும்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை அரைகுறை. அறிக்கை ஆங்கிலத்தில், தளத்தில் பேச்சு சிங்களத்தில். இயந்திரம் ஓட்டுபவரிடம் "பத்து நிமிடம் நிறுத்துங்கள்" என்று சொல்லக்கூட சிங்களம் வேண்டும். கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பெரிய விடயம் இல்லை. வடக்கிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்திருப்பவர்களுக்கு முதல் ஆறு மாதம் இதுதான் உண்மையான பரீட்சை. வேலை தேடும் இடைவெளியில் இராஜகிரியவில் இருக்கும் அரச கரும மொழிகள் திணைக்களத்தின் வகுப்புகளை விசாரித்துப் பாருங்கள்; மாலை நேரத்தில் இன்னொரு கணினிச் சான்றிதழ் எடுப்பதை விடப் பலன் கூட.

மெடிக்கல் ரெப்

மருந்துக் கம்பனிக்காக வைத்தியர்களைச் சந்தித்து அதன் மருந்துகளை அறிமுகப்படுத்தும் பிரதிநிதி. கையில் காசு முதலில் காட்டும் வேலை இது. மருந்து இறக்குமதிக் கம்பனிகள் உயிரியல் பட்டதாரிகளை விரும்பி எடுக்கின்றன. உடலியலும் மருந்தின் தொழிற்பாடும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அடிப்படைச் சம்பளம், எரிபொருள், இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை. அதே பிரிவில் படித்த நண்பன் லேபில் வாங்குவதை இவர் முதல் வருடத்திலேயே தாண்டிவிடுவார்.

இரவு ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு தனியார் மருத்துவமனையில் வைத்தியர்கள் நோயாளிகளைப் பார்க்கும் சனலிங் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். நோயாளிகள் உட்காரும் நாற்காலிகளுக்குப் பின்னால், சுவரோரமாக, கழுத்துப்பட்டியும் கறுப்புப் பையுமாக நாலைந்து பேர் நிற்பார்கள். கடைசி நோயாளி வெளியே வந்த பிறகு, வைத்தியர் கிளம்புவதற்கு முன், ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டு நிமிடம். அந்த நேரத்துக்குள் மருந்தின் பெயர் அவர் மனதில் பதிய வேண்டும். இதை ரசித்துச் செய்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். மனிதர்களைப் படிக்கும் திறமை அது. கூச்ச சுபாவம் உள்ளவர், மாத முடிவு இலக்கை நினைத்தால் நித்திரை வராதவர், இந்தப் பக்கம் வேண்டாம்.

ஆனால் இந்தக் கதவு அவசரமாகச் சாத்தாது. இருபத்தேழு வயதில் வந்தாலும் எடுப்பார்கள். ரெப்பாகப் போனவர் மூன்று வருடம் கழித்து லேபுக்குத் திரும்புவதுதான் கடினம்: கை கருவியை மறந்திருக்கும், சம்பளத்தைக் குறைக்கவும் மனம் வராது. மருந்துக் கம்பனிகளுக்குள் அதிகம் பேசப்படாத இன்னொரு நாற்காலியும் இருக்கிறது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் எந்த மருந்தையும் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதிவு செய்துதான் விற்க வேண்டும். உற்பத்தி முறை, மாசுகளின் அளவு, உறுதித்தன்மைத் தரவு என்று அந்தக் கோப்புகள் தடியாக இருக்கும். அவற்றைப் படித்து விளங்கி ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும். மருந்தாளர்களுக்கு முன்னுரிமை என்றாலும், பகுப்பாய்வு இரசாயனவியல் தெரிந்தவருக்கும் இடம் இருக்கிறது. அமைதியான வேலை, அலுவலக நேரம், இலக்கு கிடையாது.

கரும்பலகைப் பக்கம்

அரச ஆசிரியர் நியமனம், சர்வதேசப் பாடசாலை, டியூஷன் மூன்றையும் "டீச்சிங்" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். மூன்றும் மூன்று தொழில்.

அரச நியமனம் வர்த்தமானியைப் பார்த்துக் காத்திருக்கும் வேலை. எப்போது கோருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. கோரினால் வயதெல்லையும் போட்டிப் பரீட்சையும் இருக்கும். நியமனம் கொழும்பில் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லை என்பது பல காலக் குறை. அங்கே போக மனமுள்ளவருக்கு மதிப்பும் கிடைக்கும், அனுபவமும் கிடைக்கும். சர்வதேசப் பாடசாலையில் பட்டம் முடித்த கையோடு சேரலாம், கற்பித்தல் டிப்ளோமா கேட்காத இடங்கள் நிறைய. ஆங்கிலம் சரளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். லண்டன் உயர்தரம் எடுக்கும் பிள்ளைகளின் வீடுகளில் மணித்தியாலக் கணக்கில் தனி வகுப்பு எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பாடசாலைகள் வழியாகத்தான் அறிமுகமாகிறார்கள்.

டியூஷன் என்றதும் எல்லோரும் வெள்ளவத்தையில் மண்டபம் நிறைய, மைக் பிடித்துப் படிப்பிக்கும் பிரபல ஆசிரியரைத்தான் நினைக்கிறார்கள். அவர் அங்கே வந்து சேர எத்தனை காலம் எடுத்தது என்று கேட்பதில்லை. தொடக்கம் எப்போதும் பேப்பர் திருத்துவதில்: பிரபல சேரின் வகுப்புக்குக் கட்டுக்கட்டாக வரும் கட்டமைப்பு வினாக்களைத் திருத்தி, ஒரு தாளுக்கு இவ்வளவு என்று வாங்குவது. பல்கலைக்கழக நாட்களிலேயே இதைச் செய்தவர்களுக்குப் பிள்ளைகள் எங்கே பிழை விடுகிறார்கள் என்பது தண்ணீர்பட்ட பாடு. அப்புறம் சிறு குழு வகுப்பு, பிறகு நிறுவனம் ஒன்றில் ஒரு மணிநேரம், அதில் நிறுவனத்துக்கும் ஒரு பங்கு.

இங்கே கெமிஸ்ட்ரிக்கும் பயோவுக்கும் ஒரு நேர்கோட்டு ஒப்பீடு செய்யலாம். உயர்தரத்தில் கணிதப் பிரிவும் உயிரியல் பிரிவும் இரண்டுமே இரசாயனவியல் எடுக்கின்றன. உயிரியலை உயிரியல் பிரிவு மட்டும்தான் எடுக்கிறது. அதாவது கெமிஸ்ட்ரி ஆசிரியருக்குச் சந்தை அகலம். இன்னொன்று, கெமிஸ்ட்ரி பிள்ளைகளுக்குப் பயம் தரும் பாடம். பயம் இருக்கும் இடத்தில் வகுப்பும் நிறையும். 50 பல்தேர்வு வினாவை இரண்டு மணித்தியாலத்தில் முடிக்கப் பழக்குவதற்கென்றே தனி வகுப்பு நடக்கிறது. 2020க்குப் பிறகு சூம் வந்ததால் கொழும்பிலிருந்தே யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் கற்பிக்கலாம். அங்கிருந்து இங்கேயும் கற்பிக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். போட்டி அப்படித்தான் கூடியிருக்கிறது.

டியூஷன் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். ஆகவே அதை மட்டும் நம்பி மற்றவற்றைத் தட்டாமல் விடாதீர்கள். மாலையும் சனி ஞாயிறும் அதற்குப் போதும்.

அரச ஆய்வுகூடங்கள்

பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் 1900இலிருந்து இருக்கிறது. பௌத்தாலோக மாவத்தையில் கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம், 1955இல் வேறு பெயரில் தொடங்கியது. இவற்றோடு அரச பகுப்பாய்வாளர் திணைக்களம், கட்டளைகள் நிறுவனம், நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடங்கள், மட்டக்குளியில் கடல்வள ஆராய்ச்சிக்கான நாரா, கொழும்பு மாநகர சபையின் நகரப் பகுப்பாய்வாளர் என்று பட்டியல் நீளும்.

இங்கே கிடைப்பது சம்பளத்தை விட அதிகாரம். 2021இல் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்லாடொக்சின் என்ற பூஞ்சண நச்சு இருக்கிறது என்று நாடே கொதித்தபோதும், அதே வருடம் சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளை மாதிரியில் எர்வினியா வகைப் பக்டீரியா இருக்கிறதென்று தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை சொல்லிக் கப்பல் கடலிலேயே நின்றபோதும், எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் மணிகள் கரையொதுங்கியபோதும், எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது ஒரு ஆய்வுகூட அறிக்கையைத்தான். கையெழுத்திடுபவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் வேண்டி வரலாம். பசளை விவகாரம் ராஜதந்திரச் சிக்கலாகவே போனது. நுண்ணுயிரியல் படித்தவருக்குத் தனியார் துறையில் இப்படி ஒரு நாள் வராது.

"அரச வேலை, பென்ஷன் இருக்கும்" என்று வீட்டில் சொல்வதை அப்படியே எடுக்காதீர்கள். திணைக்களம் வேறு, சபை வேறு, அதிகார சபை வேறு. சபைகளிலும் நிறுவகங்களிலும் பெரும்பாலும் தனியார் துறை போலவே ஊழியர் சேமலாப நிதிதான். விண்ணப்பிக்க முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேர்ந்த பிறகு மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சியும் காட்ட வேண்டும். பட்டப் பாடம் எதுவானாலும் எழுதக்கூடிய இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சையையும் இந்த வரிசையில் வையுங்கள், தமிழிலேயே எழுதலாம். வயதெல்லை இருப்பதால் இது சாத்தும் கதவுகளில் ஒன்று. முப்பதைத் தொட்ட பிறகு "அப்ப எழுதியிருக்கலாம்" என்று சொல்லிப் பயனில்லை.

பீ.எச்.டி.

எல்லாவற்றிலும் முதலில் சாத்துவது இது. சாத்துவது பல்கலைக்கழகமல்ல, வாழ்க்கை. ஜீ.பி.ஏ. பழசாகும், பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டிய விரிவுரையாளர் உங்களை மறப்பார் அல்லது அவரே நாட்டை விட்டுப் போயிருப்பார், வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கும், சம்பளத்துக்குக் கை பழகிவிடும்.

அமெரிக்காவில் இரசாயனவியல், உயிரியல் பீ.எச்.டி. என்றால் பொதுவாகக் காசு கட்டிப் படிப்பதல்ல. கற்பித்தல் உதவியாளராகவோ ஆராய்ச்சி உதவியாளராகவோ வேலை செய்ய, கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதப்படியும் தருவார்கள். ஐந்து வருடம் அளவில் போகும். இங்கே சிறப்புப் பட்டம் முடித்த கெமிஸ்ட்ரி மாணவர்கள் வருடாவருடம் போவது இந்த வழியில்தான். பெரும்பாலான விண்ணப்பங்கள் டிசம்பரை ஒட்டி முடிந்துவிடும்; அடுத்த ஓகஸ்டில் படிப்பு. அதாவது இறுதிப் பெறுபேறு வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு வருடம் போய்விட்டது என்று அர்த்தம். கடைசி வருட ஆராய்ச்சி நடக்கும்போதே எழுதத் தொடங்க வேண்டும். 2025இல் அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிதியில் கை வைத்த பிறகு சில துறைகள் புது மாணவர் அனுமதியைக் குறைத்தன என்பதால், அவுஸ்திரேலியா, கனடா, ஜப்பான் பக்கமும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

பொதுப் பட்டக்காரர் நேரடியாகப் போவது கடினம். இங்கே ஒரு நல்ல எம்.எஸ்சி. செய்து ஆராய்ச்சியைக் காட்டினால் வழி திறக்கலாம். மூலக்கூற்று உயிரியலுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயன நிறுவகம், பகுப்பாய்வு இரசாயனவியலுக்குப் பேராதனையின் விஞ்ஞான பட்டப்பின் படிப்பு நிறுவகம், பல்பகுதியமும் உணவு விஞ்ஞானமும் என்றால் ஸ்ரீ ஜயவர்தனபுர. வேலை செய்துகொண்டே வார இறுதியில் படிக்கக்கூடியவையும் இவற்றில் உண்டு.

இலண்டனுக்குச் சொந்தக் காசில் ஒரு வருட முதுமாணி என்று முகவர் நிலையங்கள் விற்பது வேறு சரக்கு. ஊரில் காணியை ஈடு வைத்து அதற்குப் போகும் குடும்பங்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அதன் முடிவில் கையில் வருவது பெரும்பாலும் கடனும் பகுதிநேர வேலையும்தான். உதவித்தொகையோடு என்றால் போங்கள்.

மற்றவை

சுற்றாடல் ஆலோசனை விலங்கியல், தாவரவியல்காரருக்கு உகந்தது. பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு சட்டப்படி வேண்டும், அதற்குப் பறவையும் செடியும் எண்ணத் தெரிந்த ஆள் வேண்டும். 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் கொழும்பு. பெத்தகானப் பூங்காவில் ஒரு காலை நடந்தால் உங்கள் பாடம் உயிரோடு இருப்பது தெரியும். வேலை திட்டம் திட்டமாக வரும், திட்டம் முடிந்தால் சம்பளமும் முடியும். கடன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சரி.

தேயிலை ருசி பார்க்கும் தொழிலுக்கு இரசாயனவியல் கை கொடுக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே நாக்கும் ஆங்கிலமும் பழகும் விதமும்தான் பார்ப்பார்கள். வங்கி, சீமா என்ற கணக்கியல் தகைமை, தகவல் தொழினுட்பம் என்று துறையை விட்டே போவதும் தவறில்லை. கொழும்பில் அப்படிப் போய் நன்றாக இருப்பவர்கள் ஏராளம். இந்தக் கதவுகளும் நெடுநாள் திறந்திருக்கும்.

ஆக வரிசை இப்படி வருகிறது. சிறப்புப் பட்டமும் நல்ல வகுப்பும் இருந்தால், கடைசி வருடத்திலேயே பீ.எச்.டி. விண்ணப்பம், அது சரிவராவிட்டால் 17025 லேப். கெமிஸ்ட்ரி பொதுப் பட்டம் என்றால் சோதனைக் கம்பனியில் இரண்டு வருடம், வார இறுதியில் எம்.எஸ்சி., பக்கத்தில் நிர்வாக சேவைப் பரீட்சை. பயோ பொதுப் பட்டத்தோடு, வீட்டில் உடனே காசு வேண்டும் என்ற நிலை இருந்தால் ரெப் வேலையைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். அவசரம் இல்லையென்றால் மூலக்கூற்று உயிரியலில் ஒரு எம்.எஸ்சி.தான் அந்தப் பட்டத்துக்குக் கைகால் முளைக்கச் செய்யும். பெண் பிள்ளைகளைப் பியகம இரவு முறைக்கு அனுப்ப வீட்டில் தயங்கினால், மருந்துப் பதிவுப் பக்கத்தையும் சர்வதேசப் பாடசாலையையும் முதலில் பாருங்கள். தயக்கம் நியாயமா என்ற வாதத்தை நான் இங்கே தொடங்கவில்லை.

எங்கே நேர்முகத்துக்குப் போனாலும் முடிவில் "உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா?" என்று கேட்பார்கள். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் "இல்லை சேர்" என்று எழும்பிவிடுவார்கள். எழும்பாமல் இதைக் கேளுங்கள்: "இந்த இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?" அவர் அதே கம்பனியில் ஒரு படி மேலே போயிருந்தாலும் சரி, கட்டாருக்கோ பீ.எச்.டி.க்கோ போயிருந்தாலும் சரி, அந்த நாற்காலி ஆளை வளர்த்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டிருந்தால், அல்லது கேள்விக்குப் பதில் வராமல் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்தால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் இரண்டு நாள் தவணை கேட்டுவிட்டு வெளியே வாருங்கள்.